கேட்டால் கொடுப்பவர்

2024 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். டிரம்மையும் குடங்களையும் நிரப்பிவிட்டுச் சரவணப் பொய்கை வரை நடந்து திரும்பினேன். காலைக்கு இட்லி. ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் பிரின்ட் எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். ஒரு லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றினேன். பள்ளிக்கூடத்துப் பிரின்டர் ஒன்றில் சிக்கியிருந்த காகிதத்தை எடுத்தேன். மதியம் மோர்க்குழம்பு. வெயில் இன்னும் இறங்கவில்லை. மூன்று மணிக்கு மேல் ஜெர்மனியிலிருந்து போன் வந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்காவின் மகன்.

"மாமா, வீட்டுக்குக் குடித்தனம் வராங்க. வெள்ளிக்கெழம பால் காச்சறாங்களாம். அந்த கம்ப்யூட்டர நீங்க எடுத்துக்குங்க. சாயங்காலம் போயி ஒரு தடவ ஆன் பண்ணிப் பாருங்க, நான் லைன்ல இருக்கேன்."

சரி என்றேன். அக்கா இறந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. அன்றன்று நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதி முடிப்பது என் பழக்கம். அந்தப் புதன்கிழமைக்கு அப்படி முடியவில்லை. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

கோயில் மலையடிவாரத்தில், படி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் கடை. தேங்காய், கற்பூரம், விபூதிப் பொட்டலம் எல்லாம் இருந்தாலும் அவருடைய வியாபாரம் சந்தனம்தான். மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தலையில் பூச ஒரு கிண்ணத்தில் கரைத்து வைத்திருப்பார். அந்த வரிசையில் எல்லாக் கடைக்காரர்களும் வழியில் இறங்கிக் கூப்பிடுவார்கள். "வாங்கண்ணா", "ரண்டி அம்மா", "செருப்ப இங்க வுடுங்க சார்" என்று தமிழும் தெலுங்கும் கலந்து காதைத் துளைக்கும். அக்கா மட்டும் கூப்பிட மாட்டார். முக்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருப்பார்.

பக்கத்தில் பொம்மைக் கடை வைத்திருந்தவருக்கு இதைப் பார்க்கப் பொறுக்காது.

"இன்னாக்கா, வாயத் தொறந்தா உள்ள வெச்சிருக்கிற முத்து கொட்டிடுமா? ஒரு தபா கூப்புடு. நான் வோணும்னா உன் பங்குக்குக் கூவட்டா?"

"தலைக்குச் சந்தனம் வோணும்னா தலையே தேடிகினு வரும். நீ உன் பொம்மையப் பாரு."

"ஆடிக் கிருத்திகைக்கு நீ போர்டுல எழுதி மாட்டு. இந்தக் கடையில் பேச்சு விற்கப்படாதுன்னு."

அக்கா சிரிப்பார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

கேட்காமல் அவர் யாருக்கும் எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கேட்ட பிறகு இல்லையென்று சொல்லியும் பார்த்ததில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண், கைக்குழந்தையைத் துண்டில் சுற்றியபடி, குடை இருக்கிறதா என்று கேட்டாள். அக்கா தம் குடையைக் கொடுத்தார். எப்போது திருப்பித் தருவாள் என்று கேட்கவில்லை. அவளும் திரும்ப வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கத் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு கடைக்குப் போனார்.

இன்னொரு முறை நடந்ததில் எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. படியிறங்கி வந்த ஒரு பெரியவர் தலைசுற்றிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் பாட்டிலோடு எழுந்து நின்றார். ஆனால் நகரவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்து, பாட்டிலைப் பார்த்து, கையை லேசாக நீட்டினார். அதற்குப் பிறகுதான் அக்கா ஓடினார். ஓடிப் போய்த் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார், முகம் துடைத்தார், ஆட்டோ பிடித்து ஏற்றினார். எல்லாம் முடிந்த பிறகு நான் கேட்டேன்.

"ஏங்க்கா, அதுக்குக் கூடவா கேக்கணும்?"

அக்கா கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்.

"அவுரு போனப்ப எனக்கு இருபத்தாறு வயசு, தம்பி. கைல புள்ள. ஊரே கேக்காமயே குடுத்துச்சு. பழைய பொடவ, நேத்து சோறு, புத்தி. வோணுமா வாணாமான்னு ஒருத்தரும் கேக்கல. வாங்கி வாங்கி நான் ஒண்ணுமே இல்லாத ஆளா ஆயிட்டேன். அந்தப் பாவத்த நான் வேற ஒருத்தருக்குப் பண்ண மாட்டேன்."

அதற்குப் பிறகு அவரிடம் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயம் ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மகன் ஜெர்மனிக்குப் போனது அதற்கு நாலு வருடம் கழித்து. கட்டட வரைபடம் போடுகிற வேலை. உத்தரவு வந்த நாளிலிருந்து அவன் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்காவே சொன்னார். ஏன் என்று அவனிடம் கேட்டாரா என்றேன். அவனாகச் சொல்லவில்லையே என்றார். புறப்பட்ட அன்று நான்தான் அவனை ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். அக்கா வாசலில் நின்று, "பாஸ்போர்ட் எடுத்துகினியா நைனா" என்று மட்டும் கேட்டார். மின்சார ரயில் வந்தது. பெட்டியில் ஏறியவன் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"போவாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன் மாமா. நானும் ஒரு மாசமாப் பாத்தேன். சொல்லவே இல்ல."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. சண்டை என்று எதுவும் கிடையாது. அவன் அம்மா கூப்பிடட்டும் என்று இருந்தான். அம்மா அவன் கேட்கட்டும் என்று இருந்தார். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். நலம் கேட்டுப் போன் வராது.

அவர்களுக்கு நடுவே மிச்சமிருந்த ஒரே வழி அந்தக் கம்ப்யூட்டர்தான்.

அது ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட மிஷின். பழைய கம்ப்யூட்டர் விற்கிற ரிச்சி தெருவில் அவன் வாங்கி வந்தான். கம்பெனிகளுக்கென்று செய்கிற சில மிஷின்களில் ஒரு வசதி உண்டு. விண்டோஸ் கெட்டுப் போனாலும், மிஷினையே அணைத்து வைத்திருந்தாலும், கரண்டும் நெட் வயரும் மாட்டியிருந்தால் மதர்போர்டில் ஒரு சிறு பகுதி மட்டும் விழித்திருக்கும். தூரத்திலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பி மிஷினை ஆன் செய்யலாம், அணைக்கலாம். திரையில் முதல் எழுத்து வருவதிலிருந்து எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்க்கலாம். ஆனால் அந்த வசதி தொடக்கத்தில் மூடியிருக்கும். முதல் முறை அதைத் திறக்க ஒருவர் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவனுடைய வரைபடங்கள் எல்லாம் அதில் இருந்தன. பெரிய பெரிய ஃபைல்கள், கையோடு எடுத்துப் போக நேரமில்லை. ஜெர்மனிக்குப் புறப்படும் வாரத்தில் என்னைக் கூப்பிட்டான்.

விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் போய் நான் அந்த வசதியை இயக்கினேன். ரீஸ்டார்ட் ஆகும்போது கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் தனியாக ஒரு மெனு வரும். மிஷினோடு வந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டதும், புதிதாக ஒன்று வைத்தால்தான் மேலே விடுவேன் என்றது. அவனையே வைக்கச் சொல்லி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரவுட்டரிலும் அவன் மட்டும் உள்ளே வரும்படி தனி வழி ஏற்படுத்தினேன். கடைசியாக ஒன்று பாக்கியிருந்தது. தூரத்திலிருந்து வருகிறவர் திரையைப் பார்க்க வேண்டுமானால், இங்கே திரையில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். மிஷின் முன்னால் இருப்பவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். இந்தச் சம்மதம் வேண்டுமா வேண்டாமா என்று மெனு கேட்டது.

"வேணும்," என்றான் அவன் உடனே. "அது இருக்கட்டும் மாமா."

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா என்னிடம் கேட்டார்.

"ராத்திரி பகல் அது முழிச்சிகினே இருக்குமா தம்பி?"

"ஆங். பிளக்கு மாட்டியிருக்கிற வரைக்கும் தூங்காதுக்கா."

"பாவம்," என்றார்.

அவன் போய்ச் சில வாரங்கள் கழித்து ஒரு மதியம், அக்கா கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் கேட்டு அந்த அறைக்குள் போயிருக்கிறார். மிஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஆறு எண்கள். அதே நேரம் போன் அடித்தது.

"நம்பர் சொல்லும்மா."

அவன் கேட்டுவிட்டான். அக்கா சொன்னார். எட்டு. நாலு. நாலு. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் எண் காலாவதியாகி, அவன் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று. இது அடிக்கடி நடந்தது. கண் தெரியவில்லையோ என்று நினைத்து நான் கண்ணாடி மாற்றச் சொன்னேன்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. வெரசா சொன்னா வெரசா போன வெச்சிடுவான்," என்றார்.

பிறகு மதியம் இரண்டு மணிக்குக் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வரத் தொடங்கினார். பொம்மைக் கடைக்காரர் விடுவாரா?

"அம்மாவும் புள்ளையும் இன்னாக்கா, லாட்டரிச் சீட்டு ரிசல்ட்டா படிக்கிறீங்க? நடுவுல ஒரு நாள் 'எப்பிடி கீற'ன்னு கேளேன்."

"அவன் நம்பர்தானே கேட்டான்."

ஒரு வருடம் போல அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் அவன் எனக்குப் போன் செய்தான். அந்தச் சம்மதம் கேட்கிறதை எடுத்துவிட வேண்டும் என்றான். ஒவ்வொரு முறையும் அம்மா வந்து படிக்கக் காத்திருக்க முடியவில்லை, ஆபீஸ் வேலை நடுவில் தொந்தரவாக இருக்கிறது என்றான். அதை மாற்ற மிஷின் முன்னால்தான் உட்கார வேண்டும். வீடு அக்காவுடையது. அவரைக் கேட்காமல் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனேன்.

அக்கா கிண்ணத்தைக் கலக்குவதை நிறுத்தினார்.

"அவனா கேட்டான்?"

"ஆங்."

"என்னாண்ட கேக்கல. உன்னாண்ட கேட்டான்."

"நீங்க வேணாம்னு சொல்லுங்கக்கா. நான் பண்ண மாட்டேன். ஒரே வார்த்த. நானே அவன்கிட்ட சொல்லிடறேன்."

"வேணாம்னு நான் யாருக்குத் தம்பி சொன்னேன், புள்ளைக்குச் சொல்ல?" அவர் கிண்ணத்தின் விளிம்பில் வழிந்திருந்ததை விரலால் வழித்தார். "கேட்டுட்டான் இல்ல. குடுத்துடு."

அன்று மாலை போய் மாற்றினேன். வேலை கொஞ்ச நேரம்தான். அவன் போனில் பாஸ்வேர்டைச் சொன்னான், நான் போட்டேன். மெனுவில் இரண்டு இடம் இறங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். அக்கா அன்றைக்கும் பின்னால்தான் நின்றார்.

"இனிமே நம்பர் வராதா?"

"வராதுக்கா."

"அவன் வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

"திரையச் சுத்தி ஓரத்துல செவப்பும் மஞ்சளுமா ஒரு கோடு மின்னும். அது இருந்தா அவன் பாத்துகினு இருக்கான்னு அர்த்தம்."

அவர் தலையாட்டினார். எனக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் இரண்டு மணிக்குக் கடையை மூடுவதை நிறுத்தவில்லை. ஏதாவது வேலையாக அந்தப் பக்கம் போனால் பார்ப்பேன். கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் நாற்காலியைப் போட்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். திரையைச் சுற்றி அந்தக் கோடு மின்னிக்கொண்டிருக்கும். அவனுக்கு இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. அவன் பார்ப்பது திரையை மட்டும்தான், அறையை அல்ல. ஒரு நாள் நான் சொல்லிப் பார்த்தேன்.

"இதுல எதையாச்சும் தட்டினா அவனுக்கு அங்க தெரியும்க்கா. நான் சொல்லித் தரேன். 'சாப்டியா'ன்னு ஒண்ணு போடுங்க."

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. திரையையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். டைப் அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேலையா இருக்கான்," என்றார்.

பங்குனியில் அவருக்கு மார்வலி வந்தது. அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பக்கத்தில் உட்கார்ந்து, மகனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கூப்பிடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டேன். அவன் விமானத்தில் இருந்தபோதே அக்கா போய்விட்டார். வந்தான், கொள்ளி வைத்தான், பதினாறாம் நாள் முடித்துச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அறைக்குள் அவன் போகவில்லை என்று கவனித்தேன்.

அந்தப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தேன். வீட்டில் அடைந்து கிடந்த காற்றின் வாசனை. அறையில் மானிட்டரை ஆன் செய்ததும் ஓரத்தில் கோடு மின்னியது. அவன் அங்கிருந்து உள்ளே வந்திருந்தான். போனிலும் இருந்தான்.

"மிச்சம் எதெது எடுக்கணும்னு சொல்லு. எடுத்து முடிச்சதும் இத அழிச்சிடறேன்," என்றேன்.

"எடுக்க ஒண்ணுமில்ல மாமா."

வரைபடங்கள் இருந்த ஃபோல்டரை நானே திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

"எல்லாம் மொத வருசமே எடுத்துட்டேன்," என்றான்.

"அப்ப தினமும் எதுக்குடா வந்த?"

மறுபக்கம் ஏதோ ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"அம்மா சாப்டுட்டு மேசையத் தொடைப்பாங்க மாமா. தொடைக்கும்போது மவுஸ் மேல கை படும். ஸ்க்ரீன்ல அந்த அம்பு கொஞ்சம் ஆடும். அவ்ளோதான். அத பாத்துட்டு வேலைக்குப் போயிடுவேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப ஏண்டா அந்த நம்பர எடுக்கச் சொன்ன? அதுலயாவது ரெண்டு பேரும் பேசிகினு இருந்தீங்களே."

"எங்க மாமா பேசனோம்? ஆறு நம்பர் சொல்லிட்டு வெச்சிடுவாங்க. ஒரு நாளாச்சும் எப்ப வருவேன்னு கேப்பாங்கன்னு ஒவ்வொரு தடவையும் பாப்பேன். கடசி நம்பர் சொன்ன பெறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க. நானும் சும்மா இருப்பேன். அத தாங்க முடியல. அதான் எடுக்கச் சொன்னேன்."

இதே நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று சொன்னேன். அந்தக் கோடு மின்னுகிறவரை எழுந்திருக்க மாட்டார் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவன் அழுவது வெகுநேரம் போனில் கேட்டது. மிஷினின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினான்.

"அந்த பிளக்க நீங்கதான் கழட்டணும் மாமா. இங்கேர்ந்து எல்லாம் பண்ணலாம். அது ஒண்ணு மட்டும் முடியாது."

"இப்பவா?"

"காலைல."

வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன். இரவு சாப்பிடவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

ஜூன் 13, வியாழக்கிழமை. எழுந்து முகம் கழுவியதும், நடைக்குப் போவதற்கு முன்னால், முதல் வேலையாக அக்கா வீட்டைத் திறந்தேன். அங்கே அவனுக்கு நடுநிசி தாண்டியிருக்கும். திரையின் ஓரத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. சமையலறைக் கம்பியில் காய்ந்து விறைத்திருந்த துணியை எடுத்து நனைத்துப் பிழிந்தேன். மேசையின் இடது பக்கத்திலிருந்து தொடங்கி, மெதுவாக, மவுஸுக்குக் கீழேயும் விட்டுவிடாமல், வலது ஓரம் வரை துடைத்தேன். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.